மூக்கு வைத்த சூரியன்

அந்த நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தெட்டு வீடுகள் இருந்தன. வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், நான் கொடுத்த மாத்திரை எத்தனை, தின்றது எத்தனை, மிச்சம் எங்கே போனது என்று கோடு போட்டு எழுதியிருந்தேன். இன்ஸ்பெக்டர் பாலகிருஷ்ணன் ஜாசினிலிருந்து ஜீப்பில் வந்து என் எதிரே உட்கார்ந்தபோது, அந்த நோட்டு வார்டு ரெஜிஸ்தருக்கு அடியில் கிடந்தது. அவருடைய முழங்கை ரெஜிஸ்தரின் மேல் இருந்தது.

"இது உங்க கைவேலைதானே, மிஸ்டர் தனபாலன்?"

ஒரு பழுப்புத் தாளை மேசைமேல் விரித்தார். மடிப்புகள் கறுத்திருந்தன. ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்தது. அதில் நான்கு படங்கள்: மலைக்குப் பின்னால் எழும் சூரியன், உச்சியில் நிற்கும் சூரியன், பாதி இறங்கிய சூரியன், பிறை நிலா. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சிறு வட்டங்கள். மூன்று சூரியனுக்கும் மூக்கு இருந்தது.

"ஆமா சார்" என்றேன். இல்லை என்று சொல்ல வழியே இல்லை.

"நியாலாஸுக்குக் கிழக்க, காட்டுக்குள்ள நாலு மைல். நம்ம ஆளுங்க போறதுக்குள்ள கம்யூனிஸ்டுங்க கேம்ப விட்டுட்டு ஓடிட்டானுங்க. அடுப்புச் சாம்பல்கூட ஆறல. அது பக்கத்துல கெடந்துச்சு. மெர்லிமாவ் வரைக்கும் ஆறு தோட்டத்து டிரெசர்களக் கேட்டுட்டேன். எல்லாரும் எழுதித்தான் குடுக்கறாங்க. படம் போடறது நீங்க ஒருத்தர்தானாம்."

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் நான்; அந்தப் படங்களை ஏன் வரைந்தேன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும்.

சல்ஃபா மாத்திரை கிருமியை அடித்துக் கொல்வதில்லை. கிருமி பெருகுவதற்கு ஒரு சத்து வேண்டும். அதைத் தானே சமைத்துக்கொள்ளும். அந்தச் சமையலில் சல்ஃபா புகுந்துவிடுகிறது. சமைக்க வேண்டிய சாமானைப் போலவே தோற்றம் இருப்பதால் கிருமி அதைப் பாத்திரத்தில் போட்டுவிடும், சமையல் கெட்டுப்போகும். பட்டினி கிடக்கும் கிருமி பெருகாது. பெருகாத கிருமியை நம் உடம்பே தேடிப் பிடித்துத் தீர்த்துவிடும். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். அந்த நாள் முழுவதும் ரத்தத்தில் மருந்து ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். சிறுநீரில் அது போய்க்கொண்டே இருக்கிறதல்லவா? ஓட்டை வாளியில் தண்ணீர் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது மாதிரி, ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு இரண்டு, ஏழு நாள் விழுங்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் எழுந்துகொள்ளும். அவை பட்டினிக்குப் பழகியவை. அடுத்த முறை அதே மாத்திரைக்கு அசையாது.

இதை எழுதிக் கொடுத்தால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். அதனால்தான் படம். முதலில் வெறும் சூரியனைத்தான் வரைந்தேன். பால் மரம் வெட்டும் பெரியதம்பி பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிரெசரய்யா, இது சூரியனா, மாட்டு வண்டிச் சக்கரமா? ஒரு மூக்காச்சும் வையுங்க, மூஞ்சின்னு தெரியட்டும்" என்றார். அன்றிலிருந்து மூக்கு வைத்தேன். எனக்கே பிடித்துப்போயிற்று.

இப்போது அந்த மூக்கு மேசைமேல் கிடந்து என்னைப் பார்த்தது.

"இந்தப் பொட்டலம் எந்த வீட்டுக்குப் போனது?"

"மாசத்துக்கு அறுபது எழுபது பொட்டலம் போகுது சார். பாத்துச் சொல்ல முடியாது."

"சரி, நானே சொல்றேன். குடுத்த மாத்திரைய ஒழுங்கா தின்ன வீட்ல மிச்சம் இருக்காது. எந்த வீட்ல மிச்சம் இருக்கோ அது காட்டுக்குக் குடுக்கற வீடு. நாளைக்குக் காலைல எல்லாரையும் பெரட்டுக் களத்துல நிக்க வெச்சிட்டு லயத்த அலசப்போறேன். ஒரே ஒரு மாத்திரை இருந்தாலும் அந்தக் குடும்பமே லாரில ஏறும். அவசரகாலச் சட்டம், தெரியுமில்ல? கோர்ட்டு கெடையாது, வக்கீல் கெடையாது. ரெண்டு வருஷம் உள்ள. அப்புறம் நாகப்பட்டணத்துக்குக் கப்பல்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அதுக்கு முன்னால நீங்களா ஒரு லிஸ்ட் குடுத்தா, உங்க பேர நான் இழுக்க மாட்டேன்."

ரெஜிஸ்தரைத் தூக்கிப் புரட்டினார். நோட்டின் பச்சை அட்டை வெளியே தெரிந்தது. ரெஜிஸ்தரை வேறு பக்கம் வைத்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி அந்தப் பச்சை அட்டையின் மேல் வைத்தார். நெற்றியைத் துடைத்தார். தண்ணீர் கேட்டார். நான் டம்ளரைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன்.

"கண்ணு செவந்திருக்கே. காய்ச்சலா?"

"ராத்திரி தூக்கமில்ல சார். வார்டுல தட்டம்மை."

அவர் குடித்து முடித்தார். தொப்பியை எடுத்தார். நோட்டை எடுக்கவில்லை. "நான் வந்தது எதுக்குன்னு வெளிய போகக்கூடாது. போனா, சொன்னது நீங்கதான்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அப்போது மணி இரண்டு. லயத்தின் கேட் ஆறு மணிக்குப் பூட்டப்படும்.

அந்த நோட்டு எப்படி வந்தது என்றால், அதுவும் என் ஆசையால் வந்ததுதான். மழை மாதத்தில் ஆறு பேருக்கு நிமோனியா திரும்பி வந்தது. போன முறை கேட்ட மருந்து இந்த முறை கேட்கவில்லை. இரண்டு பேர் போய்ச் சேர்ந்தார்கள். மாதம் ஒரு முறை மலாக்காவிலிருந்து வரும் டாக்டர், மருந்து கெட்டதா, தின்ற விதம் கெட்டதா என்று விசாரித்து எழுதும்படி என்னிடம் சொன்னார். ஒரு விஷயம் ஏன் நடக்கிறது என்று தேடச் சொன்னால் எனக்குச் சோறு வேண்டாம். மூன்று வாரம், பிற்பகலில் வேலை விட்ட நேரம் பார்த்து வீடு வீடாகப் போனேன். திட்டாமல், கண்டிக்காமல் கேட்டதால் சொன்னார்கள்.

எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். மிச்சத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்வோம்.

ராத்திரி என்றால் அவர்கள் ராத்திரி. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் மருந்தும் போகக் கூடாது என்று, காட்டோரம் சிதறிக் கிடந்த லயங்களைச் சர்க்கார் பிரித்து, எல்லோரையும் ஒரே இடத்தில் முள்கம்பி வேலிக்குள் குடிவைத்திருந்தது. ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே. மாலை ஆறிலிருந்து காலை ஐந்தரை வரை கேட் திறக்காது. வேலி ஓரம் அசைந்தால் சுடுவார்கள். போன கார்த்திகையில் பெரியதம்பியின் மனைவி ராமாத்தாளுக்குப் பிரசவக் காய்ச்சல். கேட்டடியில் தூக்கிக்கொண்டுவந்து கிடத்தியிருக்கிறார்கள். காவல்காரனிடம் சாவி இல்லை. சாவி வைத்திருந்த சார்ஜன்ட் நியாலாஸில் இருந்தான். விடிந்து கேட் திறந்தபோது நான்தான் நாடி பார்த்தேன். நாடி இல்லை.

அதற்குப் பிறகுதான் லயத்தில் அந்த டின் வந்தது. பெரிய பிஸ்கட் டின். காளியம்மாவின் வீட்டில், அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு வீடும் மிச்சத்தைக் கொஞ்சம் தன்னிடம் வைத்துக்கொண்டு, கொஞ்சம் அந்த டின்னில் போடும். ராத்திரி யாருக்கு வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். காளியம்மா சம்சு விற்கிறவர். அந்தக் கள்ளச் சாராயம் எங்கே காய்ச்சப்படுகிறது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயன்றதில்லை. ஆண்கள் நான்கு மாத்திரை தின்றுவிட்டு மீதியைச் சம்சுக்கு மாற்றிக்கொண்டார்கள். டின்னில் பாதி அப்படி நிறைந்தது. உயிரைக் காப்பாற்ற வைத்த டின்தான், நிமோனியாவைத் திரும்பக் கொண்டுவந்த டின்னும். இதைக் கண்டுபிடித்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு வீடுகளில் ஒரே ஒரு வீட்டுக்கு எதிரே சரி என்று குறி போட்டிருந்தேன். பெரியதம்பி. ஏழு நாளும், நான்கு வேளையும், முழுவதும் தின்றவர் அவர் ஒருவர்தான்.

ஊசி கொதிக்கவைக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து எரித்தேன். மூன்று வார வேலை. டாக்டருக்கு என்ன சொல்வது என்று அப்போது தோன்றவே இல்லை. பிறகு மருந்துப் பையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

கேட்டில் காவல் இரண்டு மடங்காகியிருந்தது. பையைக் கொட்டிப் பார்த்து, உள்ளே என்ன போகிறது என்று ஒருவன் எழுதிக்கொண்டான். வெளியே வரும்போது அதற்கு மேல் ஒரு பஞ்சு கூட இருக்கக் கூடாது. டின்னை நான் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்ற நினைப்பு அங்கேயே போய்விட்டது.

லயத்தில் என்னைக் கண்டதும் கதவுகள் சாத்தப்பட்டன. மூன்று வாரமாக நோட்டோடு அலைந்தவன். இன்று அவனைத் தேடி ஜீப் வந்திருக்கிறது. அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

காளியம்மா மட்டும் கதவைச் சாத்தவில்லை. அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டிரெசரய்யா. நோட்டு எங்க, பேனா எங்க? மாத்தா வெளிய நிக்கிறானா, உள்ள வரச் சொல்லுங்களேன், ஒரு கிளாஸ் ஊத்தறேன்." போலீஸ்காரனை லயத்தில் மாத்தா என்றுதான் சொல்வார்கள்.

"நோட்ட எரிச்சிட்டேன்க்கா."

"ஓ."

"சத்தியமா."

எழுந்து வந்து என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். "மண்ணெண்ண நாத்தம் அடிக்குது. ம். உக்காருங்க."

இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னேன். மூக்கு வைத்த சூரியன் காட்டில் கிடைத்தது என்று சொன்னபோது, உள் அறையில் யாரோ இருமினார்கள். என்னைக் கண்டு அங்கே ஒதுங்கியிருந்த பெரியதம்பி வெளியே வந்தார். தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"அது என்னோடதுங்கய்யா."

"உங்களோடதா? நீங்க முழுசா தின்னீங்கன்னுல்ல..."

"உங்ககிட்ட எப்படிச் சொல்ல முடியும்? நீங்கதான் நோட்டு வெச்சிருந்தீங்களே." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "உச்சிச் சூரியன் போட்டிருந்தீங்க. உச்சி வெயில்ல நான் மரத்தடியில இருப்பேன். லயத்துக்கு வந்து தின்னுட்டுப் போக முடியுமா? ராமாத்தா போனப்பறம், நீங்க சொன்னத ஒரு வேளகூட தப்பவிடக் கூடாதுன்னு இருந்தேன். அதான் பொட்டலத்தத் தலைத்துண்டுக்குள்ள சுருட்டி வெச்சு கேட்டத் தாண்டிட்டேன். மூணாம் நாளு, இருவதாம் நம்பர் மரத்துக்கிட்ட ரெண்டு பேரு நின்னானுங்க. துப்பாக்கி. ஒருத்தனுக்குக் காலு வீங்கி அழுகிப்போயிருந்துச்சு. துண்ட உருவிப் பாத்தானுங்க, பொட்டலத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டானுங்க. நான் யாருகிட்டயும் சொல்லல."

சோறு, மருந்து எதையும் வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். காட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதும் குற்றம். இரண்டையும் அவர் செய்தது, என் படத்தை நம்பியதால். படம் போட்டபோது கேட் என்று ஒன்று இருப்பதை நான் நினைக்கவே இல்லை. லயம் முழுக்க என் பேச்சைக் கேட்காதவர்கள் தப்பித்தார்கள். கேட்ட ஒருவர்தான் மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தாளுல உங்க பேரு இல்ல அண்ணே" என்றேன். "நாளைக்கு எந்த வீட்லயும் மாத்திரை இல்லன்னா, அவருகிட்ட வெறும் தாள்தான் இருக்கும். எல்லாத்தையும் சாக்கடைல கொட்டிருவோம்."

"கொட்டுவீங்க" என்றார் காளியம்மா. "மீனம்மா புள்ள ஜெயாவுக்கு இன்னிக்கு மூணாம் நாளு. நெஞ்சு இன்னும் கர்கர்ருங்குது. அதுக்கு ராத்திரி வேளைய எங்க போயி வாங்கறது? கேட்டுலயா?"

ஜெயாவுக்கு மூன்று வயது. நிமோனியா. வார்டில் தட்டம்மை இருந்ததால் அவளை அங்கே போட நானே மறுத்திருந்தேன். அவளுக்கு இன்று ராத்திரி வேளை தவறினால் என்ன நடக்கும் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். மட்டம் இறங்கும். கிருமி எழும்.

காளியம்மா பழக்க தோஷத்தில் மறுபடி அம்மியை இழுத்தார். கல் உருண்டது. மிளகாய் மிளகாயாக இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, அம்மியக் கழுவுங்க. காய வையுங்க."

"எதுக்கு?"

"மாத்திரை இருந்தாத்தானே தப்பு? பொடி இருந்தா?"

பெரியதம்பி முதல் முறையாக நிமிர்ந்தார். "என்ன பொடின்னு கேப்பானே."

"பல்பொடி."

காளியம்மா சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். "கரி சேத்துரலாம். கறுப்பா இருந்தா எவனும் கேக்க மாட்டான்."

"கரி மட்டும் வேணாம். கரி மருந்தக் குடிச்சிரும். வயித்துக்குள்ள போனாலும் விடாது; அப்படியே கட்டிப்பிடிச்சு வெளிய கொண்டு போயிரும். உப்பு போடுங்க. ஒரு பங்குக்கு ஒரு பங்கு. வாசனைக்குக் கிராம்பு."

ஆனால் பொடியாக்கிவிட்டால் கணக்கு போய்விடும். ஒரு மாத்திரை எவ்வளவு பொடி? அதிகமாகப் போனால் சல்ஃபா சிறுநீரகத்தில் மணலாக உறையும். குறைந்தால் கிருமி சிரிக்கும். காளியம்மாவின் வீட்டு மூலையில் சோடா பாட்டில் மூடிகள் ஒரு குவியலாகக் கிடந்தன. பத்து மாத்திரையை அரைத்து, அதே அளவு உப்பைக் கலந்து, மூடி மூடியாக அளந்தேன். கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்கினால் சரியாகப் பத்து மூடி. ஒரு மாத்திரைக்கு ஒரு மூடி! அந்தப் பயத்திலும் என் மனம் ஒரு துள்ளு துள்ளியது. மறுபடி அளந்து பார்த்தேன். அதேதான்.

"கும்பாச்சியா எடுக்கக் கூடாது. வழிச்சு எடுக்கணும். பெரியவங்களுக்கு ரெண்டு மூடி, ஜெயாவுக்கு அர மூடி. நாலு வேள. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சொம்பு தண்ணி. ஜெயாவுக்குக் காய்ச்சல் விட்டாலும் ஏழு நாளு. சொல்லுங்க பாப்போம்."

"வழிச்சு எடுக்கணும். பெரியவங்களுக்கு ரெண்டு, புள்ளைக்கு அர, ஒரு சொம்பு தண்ணி, ஏழு நாளு" என்றார் காளியம்மா. "சாராயம் அளந்த கைங்க இது. ஒரு சொட்டு தப்பாது."

"இனிமே மாத்திரைக்குச் சம்சு ஊத்தாதீங்கக்கா."

"ஊத்துனா, நாளைக்கு எனக்கே இருமல் வந்தா எதத் திங்கறது? நீங்க சொன்ன மாதிரி அந்தக் கிருமி பட்டினிக்குப் பழகிருமில்ல?" அவருக்கு நான் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

செய்தியைக் கொண்டுபோனவர்கள் காளியம்மாவும் பெரியதம்பியும். என்னை நம்பாதவர்கள் அவர்களை நம்பினார்கள். நான்கரை மணிக்கு முதல் அம்மி உருளும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. ஐந்து மணிக்கு லயம் முழுவதும் கல்லோடு கல் உரசியது. மாலையில் மசாலை அரைப்பது எந்த லயத்திலும் நடப்பதுதான். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அரைத்து நான் கேட்டதில்லை. கேட்டில் நின்ற மலாய்க்காரக் காவலனும் கேட்டதில்லை போலிருக்கிறது. என் பையைச் சோதித்துக்கொண்டே, "இன்னைக்கு எல்லா வீட்டிலும் கறியா?" என்று மலாயில் கேட்டான்.

"ஆமா" என்றேன். "கறி."

அவன் மூக்கை உறிஞ்சினான். மிளகாய் வாசனை வரவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் இன்னொருவன் கூப்பிட்டதும் கையை அசைத்து என்னை விட்டுவிட்டான்.

அன்று இரவு புதிதாக ஒரு நோட்டு எழுதினேன். அதே முப்பத்தெட்டு வீடுகள். பழையதை எரித்தாலும் வரிசை எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே: பல்பொடி, ஒரு டப்பா.

காலை ஐந்தரைக்கு இரண்டு லாரி வந்து நின்றது. காலி லாரிகள். அவை எதற்கு என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள்கூட அழவில்லை. குடும்பத் தலைவர்களை மட்டும் அவரவர் வீட்டு வாசலில் நிறுத்தி, போலீஸ்காரர்கள் வீடு வீடாக அலசினார்கள். பானைகள் கவிழ்ந்தன. தலையணைகள் கிழிந்தன. இன்ஸ்பெக்டர் என்னைக் கூடவே அழைத்துக்கொண்டு நடந்தார்.

பத்து வீடு. இருபது வீடு. ஒரு மாத்திரை இல்லை. அவருடைய முகம் இறுகிக்கொண்டே வந்தது. இருபத்தாறாவது வீடு பெரியதம்பியுடையது. அடுப்பு மேடையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தார் இன்ஸ்பெக்டர். திறந்து மோந்தார்.

"இது என்ன?"

"பல்பொடிங்கய்யா."

"முன்னால பாத்த வீட்லயும் இதே பொடி. அதுக்கு முன்னாலயும்." டப்பாவை நீட்டினார். "தேய்ச்சுக் காட்டு."

பெரியதம்பி விரலை விட்டார். விரல் டப்பாவின் விளிம்பில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பியது. எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். அவர் வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முகம் வெளுத்துவிட்டது. இன்னும் ஒரு நொடி போனால் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"நான் குடுத்ததுதான் சார்" என்றேன். "லயத்துல சொத்தைப் பல்லு அதிகம்."

டப்பாவை வாங்கி, விரலில் பொடியெடுத்து, மேல்பல், கீழ்ப்பல் எல்லாம் தேய்த்தேன். உப்பு முதலில் வந்தது. அதன் பின்னால் கசப்பு. நாக்கின் அடியில் இறங்கி, கன்னத்தை இழுத்துப் பிடிக்கும் கசப்பு. முகம் கோணக்கூடாது. பல்லைக் காட்டிச் சிரித்தேன். பெரியதம்பியின் செம்பிலிருந்து தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தேன்.

"வீடு வீடா நோட்டு வெச்சிட்டுச் சுத்துனது இதுக்குத்தானா?" நான் அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"ஆமா சார். ஆபீஸ் மேசைமேல இருக்கு."

ஆள் விட்டு எடுத்துவரச் சொன்னார். முப்பத்தெட்டுப் பெயரையும் விரல் வைத்துப் படித்தார். மை காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாரோ என்று நினைத்தேன். கடைசியில் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இனிமே பொட்டலம் கெடையாது. படமும் கெடையாது. மாத்திரை வேணும்னா காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, கேட்டுல என் ஆளு முன்னால முழுங்கட்டும்."

"ரெண்டு வேள பத்தாது சார். ரத்தத்துல மட்டம் எறங்கி..."

"எறங்கட்டும்."

லாரிகள் காலியாகவே திரும்பின. ஜீப்பில் ஏறும் முன் இன்ஸ்பெக்டர் பெரியதம்பியின் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எனக்கும் ஒரு பல்லு ஆடுது" என்றார். அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த டப்பா அவர் வீட்டுக் குழாயடிக்குப் போகிறதா, மலாக்காவில் சோதித்துப் பார்க்கும் இடத்துக்குப் போகிறதா? இரண்டில் எது என்று தெரியாமல் அன்று மாலை கேட்டுக்குப் போனேன். மறுநாளும் போனேன். உத்தரவுப்படி காவலனுக்கு முன்னால் இரண்டு வேளை மாத்திரை கொடுத்தேன். நோயாளிகள் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்கள். ஜெயாவும் காட்டினாள். உச்சி வேளைக்கும் நிலா வேளைக்கும் அங்கே இடமில்லை. ஒவ்வொரு நாளும் காளியம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஜெயாவுக்குப் பல்லு எப்படியிருக்கு?" என்று கேட்டேன்.

"மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு தேய்க்கிறாளுங்கய்யா."

"வழிச்சு எடுத்தா?"

"வழிச்சு எடுத்து. ஒரு சொம்பு தண்ணியோட."

காவலன் எங்கள் இருவரையும் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது.

மருந்து தொடங்கிய ஐந்தாம் நாள் ஜெயாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மீனம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள். காய்ச்சல் விட்ட பிறகு யாரும் மருந்து தின்றதில்லை; அதுதான் என் மூன்று வார விசாரணையின் முடிவு. அதனால் ஏழாம் நாள் மாலை நான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னும் தேய்க்கிறாளாக்கா? வலிதான் போயிருச்சே."

காளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வலி போனா நிறுத்திருவோம்னு நெனச்சீங்களா? இன்னிக்கு ராத்திரி ஒரு தடவ. அதோட சரி."

ஆறு மணி. காவலன் சங்கிலியை இழுத்தான். அப்போது நியாலாஸ் ரோட்டில் ஜீப் வரும் சத்தம் கேட்டது. ரப்பர் மரங்களுக்கு நடுவே சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்ல முடியாது. காளியம்மா கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பூட்டு விழுந்தது.

"போங்கய்யா" என்றார் அவர் மெதுவாக. "நான் போயி அந்த அர மூடியக் குடுக்கணும்."